ஐந்தாம் அறையில் தண்ணீர் விழும் சத்தம்

“ராத்திரி வந்தாத்தானேக்கா அதுக்குப் பேரு பேய்? மத்தியானச் சோறு துன்னுட்டு ஊரே தூங்குற நேரத்துல வந்து, குளிச்சிட்டுப் போவுதுன்னா அது பேய் இல்ல. ரூம் போட்ட பார்ட்டி.”

நான் போனில் சொல்லியிருந்த பூந்தமல்லி லாட்ஜ் கேஸுக்கு டில்லிபாபு இப்படிப் பதில் சொல்லிக்கொண்டே எனக்கு எதிரில் இருந்த நாற்காலியில் விழுந்தான். வழக்கம்போலத் தாமதம். வழக்கம்போலத் தலையில் ஈரம். சீப்பு போன தடம்கூடக் காயவில்லை. வைகாசி வெயிலுக்கு எத்தனை தடவை குளித்தாலும் தகும் என்பது அவன் கட்சி.

“யாரும் ரூம் போடலை. அந்த ரூம் பல வருஷமா பூட்டியே கிடக்கு” என்றேன்.

“இந்தக் கேஸு வேணாங்க்கா. நமக்கு மாப்ள கேஸே போதும். குடிக்கிறானா, வேற ஊடு கீதா, அவ்ளோதான். பேயை ஃபாலோ பண்றதுக்கெல்லாம் நம்ம பைக்கு ஒத்துவராது.”

“ஒத்துக்கிட்டாச்சு.”

“எப்போ?”

“காலையில. நீ வர்றதுக்குள்ள.”

சிரித்தான். ஆனால் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தான். அதையும் வெயிலின் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

அம்பத்தூரில் என் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். சுற்றிலும் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. நடுவில் எங்கள் ஓட்டு வீடும், பின்னால் ஒரு குழாயும் துவைக்கிற கல்லும் மிச்சம். வாசலில் என் கணவர் மாட்டிய ‘ஜெயராமன் துப்பறியும் நிலையம்’ என்ற பலகை இன்னும் தொங்குகிறது. தொற்று ஊரை அடைத்துப்போட்ட மாதங்களில் அவர் போனார். பலகையை மாற்ற வேண்டும் என்று நினைப்பேன். ஏணி எடுக்க வேண்டுமே என்று விட்டுவிடுவேன். டில்லிபாபு அவருடைய உதவியாளன். அவர் போனபின் இரும்பு பீரோவைப் போல அவனும் ஆபீஸோடு சேர்ந்து என்னிடம் வந்தான். பீரோ பேசாது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

“ஞாயித்துக்கிழம மதிக்கு வளைகாப்பு. ஞாபகம் கீதா?” என்றான், பைக்கை உதைத்துக்கொண்டே. மதிவதனி அவன் மனைவி. இரண்டு முறை கலைந்துபோய், இது ஏழாம் மாதம் வரை வந்திருக்கிறது.

“பார்க்கலாம்.”

“நீங்க பார்க்கலாம்னா வர மாட்டேன்னு அர்த்தம்.”

நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். புருஷன் இல்லாதவள் வளைகாப்பில் போய் எங்கே நிற்பது என்பது அவனுக்கும் தெரியாதது இல்லை.

அயப்பாக்கம், திருவேற்காடு என்று ஒவ்வொரு பள்ளமாக எண்ணிக்கொண்டு போவதுபோல் வண்டி போனது. முழங்கால் வலியை மறக்க, காலையில் ஞானசேகரன் சொன்னதை மனதில் ஓட்டிப் பார்த்தேன்.

பூந்தமல்லி கடைத்தெருவில் இருக்கும் அப்பாவு லாட்ஜ் அவருடைய தாத்தா கட்டியது. கீழே சாப்பாடு, மேலே அறைகள். ஐந்தாம் அறையில் எந்தக் காலத்திலோ ஒருவர் தங்கிச் செத்துப்போக, அதைப் பூட்டிவிட்டார்கள். சில மாதங்களாக, பூட்டிய அந்த அறைக்குள் பட்டப்பகலில் தண்ணீர் விழும் சத்தம். யாரோ குளிக்கிறார்கள். போய்க் கதவைத் தட்டினால் சத்தம் நின்றுவிடும்; திறந்து பார்க்க யாருக்கும் தைரியம் இல்லை. பேய் யார் என்பதில் மட்டும் ஊருக்குள் ஒற்றுமை இல்லை. ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டால் நாடகக்காரி. கோயில் பக்கம் கேட்டால் கடன்பட்ட ஜவுளி வியாபாரி. செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்து படம் எடுத்துப் போட்ட பையன்கள், கண்டோன்மென்ட் காலத்து வெள்ளைக்காரச் சிப்பாய் என்று முடிவே கட்டிவிட்டார்கள். கல்யாண பார்ட்டிகள் ஒவ்வொன்றாக ரூமை கேன்சல் செய்கின்றன.

“எனக்குப் பேய் மேல சந்தேகம் இல்ல மேடம். அங்கம்மா மேலதான்” என்றார் ஞானசேகரன். அங்கம்மா மேல்தளத்தைப் பெருக்கித் துடைக்கிறவள். அந்த அறையின் பின்கதவுச் சாவி அவளிடம் மட்டும் இருந்தது. “வீடியோ பசங்க கூட சேர்ந்துக்கிட்டு அவதான் ஆடுறா. இன்னிக்குச் சாயங்காலம் நீங்க வேற ஆளைக் காட்டலைன்னா, அவளை வெளிய அனுப்பிடுவேன்.”

“அவ வீடு எங்க?”

“வீடு ஏது? லாட்ஜுக்குப் பின்னாடி ஷெட்டுலதான் இருக்கா.”

ஆக, வேலை போனால் கூரையும் போகும். மாப்பிள்ளை விசாரணைகளில் இந்தத் தொல்லை இல்லை.

திருவேற்காடு சிக்னலில் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, போன வாரம் ஆறாம் அறையைப் பாதியில் காலி செய்துவிட்டு ஓடிய ஸ்வாதி என்ற பெண்ணைப் போனில் பிடித்தேன். தோழி கல்யாணத்துக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்தவள். கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

“சத்தம் எப்படி இருந்ததும்மா?”

“தண்ணி ஊத்திக்கிற சத்தம் ஆன்ட்டி. ஆனா சாதாரணமா குளிக்கிற மாதிரி இல்ல. ட்ரெஸ்ஸோட நின்னு தலையில ஊத்திக்கிட்டா கனமா விழும்ல, அப்படி. கொஞ்ச நேரந்தான். அப்புறம் ஒரு இருமல்.”

“பேய்க்கு ஜலதோசம் புடிச்சிக்கிச்சி. தலைய தொடைக்காம போயிருக்கும்” என்றான் டில்லிபாபு.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. நானும்தான். துணியோடு குளிக்கிறவர் யார் என்பது என் மனதில் எங்கோ உட்கார்ந்துகொண்டு வெளியே வர மறுத்தது.

*

மெட்ரோ தூண்களின் நிழலைத் தாண்டிக் கடைத்தெருவுக்குள் நுழைந்தால், அப்பாவு லாட்ஜ் ஒரு செருப்புக்கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவில் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றது.

“இவ்ளோ தபா இந்தப் பக்கம் போய்க்கீறேன். உள்ள வர்றது இதான்க்கா மொத தபா” என்று டில்லிபாபு அண்ணாந்து பார்த்தான்.

ஞானசேகரன் கல்லாவை விட்டு எழுந்து வந்து உட்கார வைத்தார். உள்ளே திரும்பி “அங்கம்மா! ரெண்டு பேருக்கும் குடிக்க ஏதாவது கொண்டா” என்றார்.

ஒல்லியான பெண்பிள்ளை. நெற்றி வெறுமையாக இருந்தது. வந்து டம்ளர்களை வைத்தாள், எனக்குக் காபி, அவனுக்கு டீ. வைத்துவிட்டு, நிமிராமல் போய்விட்டாள். காபி நன்றாக இருந்தது. வழக்கு என்று நினைத்தால் எதையாவது கவனிக்க வேண்டும். நான் காபியைக் கவனித்தேன்.

மாடியில் ஐந்தாம் அறையை ஞானசேகரன் திறந்தபோது, கதவின் குறுக்கே கட்டியிருந்த சிலந்தி வலை அவர் முகத்தில் ஒட்டியது. துடைத்துக்கொண்டார்.

“இந்தக் கதவு வழியா யாரும் வரலை. வலை சாட்சி” என்றேன்.

சிவப்புச் சிமெண்டுத் தரையில் தூசி. தூசியில் காலடிகள். குளியலறைக் கதவிலிருந்து சுவரில் இருந்த ஆணிவரைக்கும் வந்து, அப்படியே திரும்பியிருந்தன. ஈரக் கால்கள் பட்ட இடமெல்லாம் தரை கழுவியதுபோல் சிவந்து தெரிந்தது.

“பெரிய பாதம். நாடகக்காரி இல்லை” என்றேன்.

“நாடகத்துல பொம்பள வேசம் போட்ட ஆம்பளயா இருந்தா?” வாசற்படிக்கு வெளியிலேயே நின்றிருந்த டில்லிபாபு கேட்டான்.

“நீ ஏன் உள்ள வரலை?”

“எனக்கு ஒட்டடை ஒத்துக்காதுக்கா.”

குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு மக்கு. இரண்டிலும் நேற்றைய ஈரம். சுவர் தோள் உயரத்துக்கு நனைந்து உலர்ந்திருந்தது. ஆனால் சோப்பு மாடத்தில் தூசி கலையவே இல்லை. நுரை வழிந்த அடையாளம் எங்கும் இல்லை.

“இத்தனை தண்ணி. ஒரு சிட்டிகை சோப்பு இல்லை.”

“வெள்ளக்கார சிப்பாய்க்கா. அந்தக் காலத்துல ரேசன்ல சோப்பு குடுத்திருக்க மாட்டான்.”

ஞானசேகரன் சிரித்தார். நான் குனிந்து, தண்ணீர் வெளியேறும் ஓட்டையின் சல்லடையைக் கொண்டை ஊசியால் கிளறினேன். முழங்கால் முனகியது. சல்லடையில் சிக்கியிருந்தவை ரோஜா இதழ்கள், சாமந்தி இதழ்கள். முழுப் பூ ஒன்றுகூட இல்லை. எல்லாம் கையால் பிய்த்தவை. அவற்றுக்கு நடுவே, ஊறிப் பருத்த ஒரே ஒரு பொரி.

கோயிலுக்குப் போனவர் மேல் பூ முழுசாக விழும். கல்யாண மாலையிலிருந்து இதழ் உதிரலாம். ஆனால் கூடவே பொரி உதிராது. பூவைப் பிய்த்துப் பொரியோடு சேர்த்துத் தெருவெல்லாம் இறைத்துக்கொண்டு போவது ஒரே ஊர்வலத்தில்தான். எங்கள் வீட்டிலிருந்து என் கணவர் கிளம்பியபோது அதுகூட இல்லை.

இப்போது எல்லாம் கோத்துக்கொண்டது. அழுக்குப் போகக் குளிக்கிறவனுக்குச் சோப்பு வேண்டும். தீட்டுப் போகக் குளிக்கிறவன் உடுத்திய துணியோடு நின்று தலையில் ஊற்றிக்கொண்டால் போதும். இங்கே வருகிறவன் சாவு வீட்டிலிருந்து வருகிறான். அதுவும் அடிக்கடி. அப்படியானால் அது அவனுக்குத் தொழில்.

இதழ்களை முந்தானையில் முடிந்துகொண்டேன். ஞானசேகரனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

குளியலறைக்கு இன்னொரு கதவு இருந்தது, பின்பக்கம். அதைத் திறந்தால் இரும்புச் சுழல்படிக்கட்டு. பழைய கட்டடங்களில் கக்கூஸ் கழுவ வருகிறவர்கள் வீட்டுக்குள் கால் வைக்காமல் இருக்க வைத்தது. பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய் சுவரோடு இறங்கி, சமையற்கட்டு ஜன்னலை உரசிக்கொண்டு சாக்கடைக்குப் போயிற்று.

“நீங்க கல்லாவுக்குப் போங்க. நாங்க இப்படியே இறங்கி வர்றோம்” என்று ஞானசேகரனை அனுப்பினேன்.

“நான் முன்னாடி போறேன். நீங்க கைய புடிச்சிக்கினு வாங்க” என்று டில்லிபாபு என் பக்கம் திரும்பியபடியே பின்னோக்கி இறங்கினான். “எனக்கு இன்னா தோணுதுன்னா, அந்த வீடியோ பசங்கள புடிக்கணும்க்கா. அவனுங்கதான் ரெக்கார்ட் பண்ண சத்தத்த ஜன்னல் வழியா...”

பேசிக்கொண்டே ஒரு இடத்தில் காலை நீட்டிப் போட்டு இறங்கினான். அவன் தாண்டிய இடத்தில் படி இல்லை. துரு தின்று உதிர்ந்துபோய், அடியில் சாக்கடை தெரிந்தது. அவன் கண்கள் அப்போதும் என் முகத்தில்தான் இருந்தன.

நான் அவன் கையை விட்டுவிட்டு, மேல்படியிலேயே உட்கார்ந்தேன்.

“அங்க படி இல்லைன்னு உனக்கு யாரு சொன்னது டில்லி?”

“கண்ணு கீதேக்கா.”

“கண்ணு என் மேல இருந்தது.”

அவன் திரும்பி, இல்லாத படியைப் பார்த்தான்.

“அங்கம்மா எனக்குக் காபி வெச்சா. உனக்கு டீ வெச்சா. யாரும் கேக்கலை. இன்னிக்குத்தான் முதல் தடவையா வர்றவனுக்கு டீதான் பிடிக்கும்னு அவளுக்கு எப்படித் தெரியும்?” முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன். “நேத்து யாரைத் தூக்கினே?”

படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். வெயிலின் கணக்கில் நான் சேர்த்துவிட்ட அந்த ஈரத் தலை நினைவுக்கு வந்தது.

“பாரிவாக்கத்துல ஒரு பெருசு. புள்ளைங்க ரெண்டும் வெளிநாட்டுல. பிளாட்டுல கீறவங்க எல்லாம் கதவ சாத்திக்கினாங்க. சவ வண்டிய ஓட்டினவனும் நான்தான், தூக்கினவனும் நான்தான்.”

“எப்போலேர்ந்து?”

“சாரை எடுத்துக்கினு போன அன்னிக்கு வண்டிய ஓட்ட ஆள் வரலக்கா. நான்தான் ஓட்டினேன். உங்களுக்குத் தெரியாது. நீங்க அப்போ உள்ள படுத்த படுக்கையா இருந்தீங்க.” கம்பியில் இருந்த துருவைச் சுரண்டினான். “அப்புறம் வண்டிக்காரரு கூப்புட்டுக்கினே இருந்தாரு. எந்த ஊட்டுக்கும் யாரும் வரல அப்போ. வுட்டுட்டு வர முடியல. பழகிப்போச்சி.”

“மதிக்குத் தெரியாது.”

“ரெண்டு தபா கலைஞ்சப்போ மாமியா அதத்தான் சொல்லிச்சி. புள்ளத்தாச்சி புருசன் பாடைய தொடக் கூடாதாமே. வுட்டுட்டேன்னு மதி தலையில அடிச்சி சத்தியம் பண்ணேன். இப்போ தெரிஞ்சா, புள்ள பொறக்குற வரைக்கும் பயந்தே செத்துடும். அதான் குளிக்காம ஊட்டாண்ட போறதில்ல. ரெண்டாவது மாடிக்கா. வாசல்ல கொழாயா வெச்சிக்கீறான்? லிஃப்டுலதான் போவணும்.”

கீழே ஷெட்டின் தகரக் கதவு திறந்தது. அங்கம்மா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

“அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லாதம்மா” என்றாள் என்னிடம். “என் ஊட்டுக்காரரு துலுக்கானம் போனப்போ, சொந்தம்னு ஒருத்தன் கிட்ட வரல. இந்தப் புள்ளதான் தூக்கினு போச்சி. இன்னொரு நாளு இந்தத் தெருக்கோடி பைப்பாண்ட நின்னு துணியோட ஊத்திக்கினு இருந்துச்சி. கடைக்காரன் தொரத்துறான். நானாத்தான் கூப்ட்டு சாவி குடுத்தேன். மொதலாளி என்ன அனுப்பட்டும். எங்கனா போயிக்கிறேன்.”

“எங்க போவே?” என்றான் டில்லிபாபு. “நான் போய் சொல்றேன் மொதலாளி கிட்ட.”

“நீ சொன்னா, அந்த வீடியோ பசங்க மூலமா ராத்திரிக்குள்ள நீ குடியிருக்கிற திருவேற்காடு பூரா தெரிஞ்சுடும்” என்றேன். “ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுங்க. எனக்கு எந்திரிக்க ஒரு கை குடுங்க.”

*

ஞானசேகரன் கல்லாவில் காத்திருந்தார். சாயங்கால டிபனுக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள்.

“கண்டுபிடிச்சாச்சு. பேயும் இல்லை, வீடியோ பசங்களும் இல்லை. மனுஷன்தான்” என்றேன்.

“சாவி குடுத்தது அங்கம்மாதானே?”

“ஆமா.”

“நான் சொல்லலை?” என்று எழுந்தார்.

“உட்காருங்க. வந்தவன் எதுக்கு வந்தான்னு கேளுங்க. சவ வண்டி ஓட்டுறவன். பொணம் தூக்கிட்டு, வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி தலை முழுகிட்டுப் போறான். அந்தத் தண்ணி இறங்குற குழாய் எங்க போகுது?”

அவர் திரும்பிப் பார்த்தார். சமையற்கட்டு ஜன்னல். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இட்லித் தட்டுகள். அவர் முகத்தில் இருந்த வெற்றி வடிந்தது.

“மேடம்,” என்றார் மெதுவாக, “கொஞ்சம் மெதுவா பேசுங்க.”

“பேய் இருக்கிற லாட்ஜுக்கு வேடிக்கை பார்க்கவாவது நாலு பேர் வருவாங்க. சாவுக் குளியல் நடந்த லாட்ஜுல இட்லி சாப்பிட ஒருத்தர் வருவாங்களா? அங்கம்மாவை நீங்க அனுப்பினா, ஏன் அனுப்பினாங்கன்னு ஊர் அவகிட்டதான் கேக்கும்.”

கல்லாப்பெட்டியின் பித்தளைப் பிடியைத் தேய்த்தார்.

“இனிமே அந்த ஆள் வர மாட்டானே?”

“வர மாட்டான். அதுக்கு நான் பொறுப்பு.”

“அப்போ...” சுற்றுமுற்றும் பார்த்தார். “பேயே இருந்துட்டுப் போகட்டும் மேடம். வெள்ளைக்காரச் சிப்பாய்தான் கொஞ்சம் கௌரவமா இருக்கு.”

“அங்கம்மா?”

“அவ பாட்டுக்கு இருக்கட்டும். அங்கம்மா! மேடத்துக்கு இன்னொரு காபி.”

இந்தத் தடவை அங்கம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

திரும்பி வரும்போது டில்லிபாபு அயப்பாக்கம் வரை ஒரு பள்ளத்தில்கூட வண்டியை இறக்கவில்லை. அவனோடு இத்தனை வருஷத்தில் அது ஒரு சாதனை. பிறகு, முன்னால் பார்த்தபடியே கேட்டான்:

“மதிகிட்ட சொல்லிடுவீங்களா?”

“குழந்தை பிறந்தப்புறம் நீயே சொல்லு. அதுவரைக்கும் என் வீட்டுப் பின்கதவுச் சாவியை வெச்சுக்கோ. குழாய் இருக்கு. கல் இருக்கு. தீட்டுப் பட அந்த வீட்டுல புதுசா ஒண்ணும் இல்லை.”

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

“ஞாயித்துக்கிழம?” என்றான்.

“பாடை தூக்குறவன் அங்க நிக்கலாம்னா, நானும் ஒரு ஓரமா வந்து நிக்கிறேன்.”

போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மதிவதனியே எழுந்து வந்து கையை நீட்டி, “நீங்களும் போடுங்கக்கா” என்றாள். அவளுடைய அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். வளையல் உடையாமல் ஏற்றுவதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், முன்னறையில் ஒரு மாப்பிள்ளையின் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்பக்கம் கதவு திறக்கும் ஓசை. வாளியில் தண்ணீர் நிறைந்தது. பிறகு, துணி மேல் கனமாகத் தண்ணீர் விழும் சத்தம். ஒரு இருமல். ஜெயராமன் போனபின் என் வீட்டில் இன்னொருவர் குளிக்கிற சத்தத்தை நான் கேட்டதில்லை. போட்டோவைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அது நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பக்கத்து அடுக்குமாடிக் கனிமொழி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். புதிதாகக் குடிவந்த பெண்.

“ஆன்ட்டி, நீங்க தனியாத்தானே இருக்கீங்க? மத்தியானம் உங்க வீட்டுக்குப் பின்னாடி யாரோ குளிக்கிற சத்தம் கேட்டுச்சு.”

“உங்களுக்கும் கேட்டுச்சா?” என்றேன்.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் பின்பக்கம் போய், வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மாடத்தில் ஒரு உலர்ந்த துண்டு வைத்தேன்.